மூப்பர் வீட்டுச் சேவல்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் டோலினா பிரெம்னரின் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. அவளுடைய கிறிஸ்தவச் சபையில் அன்றைக்கு வேலையே ஆகாது: துணி துவைக்கக் கூடாது, துவைத்ததைக் கொடியில் போடக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. மீன் சூப்புகூட சனிக்கிழமையே வெந்து அடுப்போரம் மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். மற்ற ஞாயிறுகளில் அது ஓர் ஓய்வு. இந்த ஞாயிறு காலையில் அந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

ஜன்னலுக்குப் போனாள். ஸ்கார்கோ துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. வாசலுக்குப் போனாள். வடக்கத்திக் காற்று கதவைத் தள்ளியது, சாத்தினாள். திரும்பி வந்து மேஜைமேல் கிடந்த, ஆலயத்தில் பாடும் வேதச் சங்கீதங்களின் புத்தகத்தை மறுபடியும் புரட்டினாள். இன்றைக்கு என்று அவள் தேர்ந்து வைத்த மெட்டு அங்கேயேதான் இருந்தது. அது எங்கே போய்விடும்? ஆனாலும் புரட்டினாள்.

அந்தப் புத்தகத்தின் தாள்கள் குறுக்கே இரண்டாக வெட்டப்பட்டவை. மேல் பாதியில் மெட்டுகள், கீழ் பாதியில் வார்த்தைகள். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தனித்தனியே திருப்பலாம். எந்த மெட்டையும் எந்தச் சங்கீதத்தோடும் சேர்த்துப் பாடலாம், இரண்டுக்கும் அளவு ஒன்றாக இருந்தால். இருந்தால் என்ற அந்த ஒரு வார்த்தைதான் டோலினாவை மறுபடி மறுபடி புத்தகத்துக்கு இழுத்தது.

எதிரே அவள் கணவர் ஹெக்டர் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கறுப்புக் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டு நின்றார். பொத்தான்களை அவள்தான் போட்டுவிட்டாள். வாலிபத்திலிருந்தே அந்தச் சபையின் முன்பாடகர் அவர். பிரசங்க பீடத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி மேடை உண்டு. அதில் உட்கார்ந்து, சுருதி காட்டும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, முதல் வரியை எடுப்பார். சபை பின்னால் சேர்ந்துகொள்ளும். வாத்தியம் கிடையாது, பாடகர் குழு கிடையாது. ஹெக்டரின் தொண்டைதான் எல்லாம். பனிக்காலத்தில் ஒரு நாள் படகுத் துறையில் பக்கவாதம் தாக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நடை வந்தது, பசி வந்தது, கோபம் வந்தது. பேச்சு வரவில்லை. 'சரி சரி' என்ற ஒரே சொல் மட்டும் மிஞ்சியது. டீ வேண்டும் என்றாலும் சரி சரி, வேண்டாம் என்றாலும் சரி சரி, கதவைச் சாத்து என்றாலும் அதேதான். குரலை வைத்து எது எதுவென்று டோலினா கண்டுபிடிக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நகரத்திலிருந்து ரோனா என்ற பெண் வந்து போனாள். மூளையில் பேச்சு இருக்கும் அறை வேறு, பாட்டு இருக்கும் அறை வேறு, அந்தக் கதவு திறந்திருக்கலாம், பாட வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். டோலினா பாடிக் காட்டினாள், கெஞ்சினாள், திட்டியும் பார்த்தாள். ஹெக்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வீம்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒரு நாள் அவர் கண்ணைப் பார்த்தபோது புரிந்தது. வீம்பு இல்லை, பயம். பாடிப் பார்த்து அதுவும் வரவில்லை என்றால்? பாடாதவரைக்கும் பாட்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

அப்படியிருக்கையில்தான் சபையை நடத்தும் மூப்பர் மேக்னஸ் ஸ்வான்சன் வீட்டுக்கு வந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கரியடுப்பைப் பார்த்தே பேசினார்.

"போன வாரம் போதகரே பாட்டைத் தொடங்கினார், டோலினா. ஆட்டுத் தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி இருந்துச்சு. எத்தனை நாளைக்கு இப்படி ஓட்டறது?"

நகரத்துச் சபை ஒன்றில் பழைய மின்சார ஆர்கன் சும்மா கிடக்கிறதாம். கேட்டால் கொடுப்பார்களாம். ஹெக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு "சரி சரி" என்றார். அதைவிடப் பெரிய 'கூடாது' எந்த மொழியிலும் இல்லை. ஞாயிறுதோறும் அவர் எழுந்து கோட்டு மாட்டுவது அந்தப் பெட்டி மேடைக்காகத்தான். அதற்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதற்காகத்தான். அங்கே ஓர் ஆர்கன் வந்து உட்கார்ந்துவிட்டால் இந்த மனிதர் கட்டிலைவிட்டு எதற்கு எழுந்திருப்பார்?

டோலினாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. நான் தொடங்குகிறேன் என்றாள்.

மேக்னஸ் முதல்முறையாக அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "உனக்கு அளவு தெரியுமா?"

"அளவு பேசற மனுஷனோட இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன்."

"குடித்தனம் வேற, சங்கீதம் வேற." கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றினார். "ஒரு ஞாயிறு தரேன். நல்லபடியாப் போச்சுன்னா ஹெக்டர் தேறி வர்ற வரைக்கும் மேடை உங்க வீட்டுது. போகலேன்னா ஆர்கனுக்குச் சொல்லியனுப்பிடுவேன். வந்த ஆர்கன் திரும்பிப் போகாது, பாத்துக்கோ."

அந்த ஞாயிறுதான் இது.

அளவு என்றால் என்ன என்பதை ஹெக்டர் அவளுக்குக் கல்யாணமான புதிதில், காலைச் சாப்பாட்டு மேஜையில் தட்டிக் காட்டியிருந்தார். விரலால் மெல்ல ஒன்று, முஷ்டியால் ஓங்கி ஒன்று. அப்படி நாலு ஜோடி சேர்ந்தால் எட்டு அசை, ஒரு நீள வரி. மூன்று ஜோடி சேர்ந்தால் ஆறு அசை, ஒரு குட்டை வரி. எட்டும் ஆறுமாக மாறி மாறி வந்தால் எட்டாறு. சங்கீதங்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான். எல்லா வரியும் எட்டாகவே ஓடினால் எட்டெட்டு. இரண்டுக்கும் வெவ்வேறு மெட்டுகள். அவ்வளவுதான் விஷயம் என்று டோலினா எழுந்து பாத்திரம் கழுவப் போனபோது, ஹெக்டர் அவளை இழுத்து உட்கார வைத்தார். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது என்றார்.

"ஆறுக்கப்புறம் ஒரு குத்து வரணும், ஆனா வராது, கவனிச்சியா? அந்த இடம் சும்மா இருக்கு. அதுலதான் ஜனங்க மூச்சு விடறாங்க. எட்டெட்டுல அந்த இடமே கிடையாது, முட்டி மோதிக்கிட்டு ஓடும். நீ எட்டெட்டு, டோலினா. நான் எட்டாறு."

அவர் சொன்னது சரிதான். அவள் பேசினால் மூச்சு விடமாட்டாள், நடந்தால் நிற்கமாட்டாள். பாட்டில் அவள் காதில் விழுவதெல்லாம் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதுதான். எத்தனை அசையில் சொல்கிறார்கள் என்று அவள் எண்ணியதே இல்லை. எண்ணுவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தார்.

ஆனாலும் சபையின் புதன்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்குப் போவாள், அது வேடிக்கையாக இருக்கும் என்பதற்காக. அந்தச் சபையில் வேத வார்த்தையைப் பயிற்சிக்கு இழுக்கும் வழக்கம் கிடையாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடித் தப்புச் செய்ய அது என்ன சந்தைப் பாட்டா? அதனால் மெட்டு பழகுவதற்கென்றே ஆளாளுக்குக் கிண்டல் பாட்டு கட்டி வைத்திருந்தார்கள், அளவு மட்டும் அச்சாக அதே எட்டாறு. ஹெக்டர் கட்டியதுதான் ஊரிலேயே பிரபலம். மேக்னஸின் சேவல் ஜெப நேரத்தில் கூவிக் கூவிச் சபையைச் சிரிக்க வைத்த வருஷம் அது.

*மூப்பர் வீட்டுச் சேவல் ஒன்று
முட்டை போட்ட தாமே
கேட்ட கோழி எல்லாம் சேர்ந்து
ஊரை விட்ட தாமே*

மேக்னஸே அதைக் கட்டைக் குரலில், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் பாடுவார். டோலினாவையும் ஹெக்டர் விட்டுவைக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தது 'டோலினாவின் மீன் சூப்பிலே, உப்பு ரொம்பக் கம்மி' என்ற பாட்டுக்காகத்தான்.

ஆலய மணி அடித்தது. டோலினா கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். ஹெக்டர் எழுந்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, ஆஸ்பத்திரியிலும் தலையணைக்கடியில் வைத்திருந்த அந்த இசைக்கவையை எடுத்தார். அவளிடம் நீட்டவில்லை, மேஜைமேல், அவள் தொடாமல் விட்ட ஓட்ஸ் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

பெட்டி மேடை அவள் நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. காலை நீட்ட இடமில்லை. தலைக்கு மேலே போதகரின் குரல், எதிரே ஊரின் மொத்த முகங்கள். பக்கத்து வீட்டு வில்மா முதல் பெஞ்சிலிருந்து மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்னஸ் தன் இடத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். ஹெக்டர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபம் நீண்டது. அவர்கள் வழக்கப்படி ஜெபத்துக்கு நிற்பார்கள், பாட்டுக்கு உட்காருவார்கள். நின்றுகொண்டே டோலினாவின் விரல்கள் புத்தகத்தின் மேல் தாளை நிமிண்டின. மெட்டு இருக்கிறதா? இருக்கிறது. ஒரு தாளைத் தள்ளிப் பார்த்தாள், திரும்பக் கொண்டுவந்தாள். இன்னொரு தாளைத் தள்ளினாள். நிறுத்து என்று தன்னிடமே சொன்னாள். கை கேட்கவில்லை. ஆமென் வந்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள், போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். அவள் கீழ் பாதியைப் பார்த்தாள்; வார்த்தைகள் சரி. மேல் பாதியைப் பார்த்தாள். அதில் ஒரு மெட்டு இருந்தது, நன்றாகத் தெரிந்த மெட்டு. இசைக்கவையை முழங்காலில் தட்டினாள். சுருதி காதுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. பாடினாள்.

முதல் வரி அருமையாகப் போனது. இரண்டாவது அசையிலேயே சபை சேர்ந்துகொண்டது. குரல் நடுங்கவில்லை. வில்மாவின் புருவம் ஏறியது. எட்டு அசைக்கு எட்டு சுரம், ஒரு குறையும் இல்லை. டோலினாவுக்கு அந்த நிமிஷம் தோன்றியது: இவ்வளவுதானா இது?

இரண்டாம் வரியின் முடிவில் வார்த்தை தீர்ந்துபோனது. மெட்டு தீரவில்லை.

அவள் கை தள்ளிவிட்ட தாளில் இருந்தது எட்டெட்டு மெட்டு. முதல் வரியில் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது, இரண்டிலும் எட்டுதானே. ஆறு வரவேண்டிய இடத்தில்தான் குழி. இரண்டு சுரங்கள் பாட வார்த்தையில்லாமல் அந்தரத்தில் நின்றன. பாதிப் பேர் கடைசி அசையைப் பிடித்து இழுத்தார்கள். பின்பெஞ்சுக்காரர்கள் மூன்றாம் வரிக்குத் தாவினார்கள். யாரோ ஒருவர் நடுவில் நின்றுவிட்டார், பிறகு எல்லோரும். டோலினா வாயைத் திறந்தாள். சரியான மெட்டு எது? காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்த்த மெட்டு, அதன் பெயர்கூட நினைவில் இல்லை. தலைக்குள் எட்டெட்டு மட்டும் முட்டி மோதிக்கொண்டு ஓடியது. மேக்னஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆர்கன் வந்துவிட்டது என்று டோலினாவுக்குத் தெரிந்தது.

அப்போது எதிர் பெஞ்சில் ஹெக்டர் எழுந்து நின்றார்.

பாட்டு நேரத்தில் யாரும் நிற்பதில்லை. அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. அளவு தப்பிய வரியைக் கேட்டால் சாப்பாட்டு மேஜையில்கூடப் பொறுக்காத மனிதர் அவர். விரல் தொடையில் மெல்லத் தட்டியது, முஷ்டி ஓங்கிக் குத்தியது. வாய் திறந்தது. அந்தப் பழைய குரல், கொஞ்சம் துருப்பிடித்து, ஆனால் சுருதி பிசகாமல், எட்டாறு மெட்டில் வெளியே வந்தது. கூடவே வார்த்தையும் வந்தது.

"மூப்பர் வீட்டுச் சேவல் ஒன்று..."

வில்மாவின் மிட்டாய் கடிபட்ட சத்தம் மேடைவரை கேட்டது. போதகர் பீடத்திலிருந்து குனிந்து பார்த்தார். அவர் தெற்கிலிருந்து வந்தவர், புதன்கிழமைப் பயிற்சிகளுக்கு வருவதில்லை. ஹெக்டர் யாரையும் பார்க்கவில்லை. தன் வாயிலிருந்து வருவதை மற்றவர்களைப் போலத் தானும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"முட்டை போட்டதாமே..."

அந்த ஆறுக்குப் பிறகு சும்மா ஓர் இடம் வந்தது. யாரும் பாடாத இடம். டோலினா அதில் மூச்சு விட்டாள். காலையிலிருந்து அவள் விட்ட முதல் மூச்சு அதுதான் போலிருந்தது.

பிறகு ஒரு கட்டைக் குரல் எழுந்தது. மேக்னஸ் ஸ்வான்சன். கழுத்து தக்காளியாகச் சிவந்திருந்தது, முகத்தில் சுருக்கம் மாறவில்லை. ஹெக்டர் எடுத்த மெட்டில், ஹெக்டரின் அளவில், ஆனால் சங்கீதத்தின் மூன்றாம் வரியை, வேத வார்த்தையை எடுத்தார். சபை அவர் பின்னால் அலை மாதிரி ஏறியது. ஊரே சங்கீதம் பாட, நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும் கோழிகளை ஊரைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. அசைக்கு அசை பொருந்தியதால் ஒன்றும் இடிக்கவில்லை. டோலினா மேல் தாளை ஒரே தள்ளாகத் தள்ளினாள், அவளுடைய மெட்டு வந்தது. ஆனால் அதைப் பாடவில்லை. ஹெக்டர் எடுத்த மெட்டிலேயே, விரலும் முஷ்டியுமாகத் தட்டிக்கொண்டு, அடுத்த பத்தியைத் தொடங்கினாள். மீதிச் சங்கீதம் முழுவதும், அதற்குப் பிறகு வந்த பாட்டுகளும், அவள் தொடங்கியவைதான். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் எதிர் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஒரு முஷ்டி தயாராக இருந்தது.

வாசலில் காற்று பாவாடைகளைப் பறக்கவிட்டது. வில்மாதான் முதலில் வந்து பிடித்தாள்.

"நிஜத்தைச் சொல்லு. அவரைப் பாட வைக்கணும்னு வேணும்னே தப்பா எடுத்தே, இல்லே?"

"வேணும்னு தப்பு பண்ற அளவுக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா, சரியாவே பாடியிருப்பேன், வில்மா."

வில்மா நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறாள்.

மேக்னஸ் கதவருகே நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். ஹெக்டரின் முறை வந்தபோது கையைப் பிடித்தவர் விடவில்லை.

"அந்தச் சேவல் செத்துப் பல வருஷம் ஆச்சு, ஹெக்டர்."

"சரி சரி" என்றார் ஹெக்டர். வெளியே வந்ததும் மறுபடியும் அந்த ஒரே சொல்தான். அவர் முகம் கறுத்தது. மேக்னஸ் அதைப் பார்த்துவிட்டு டோலினாவின் பக்கம் திரும்பினார். பேச்சு கறாராகத்தான் இருந்தது.

"ஆர்கன் வேண்டாம்னு சொல்லிடறேன். மேடை உங்க ரெண்டு பேருதும்தான். யார் வாய், யார் கைங்கறதை நீங்களே பாத்துக்கோங்க. ஆனா அடுத்த வாரம் எட்டாறா எட்டெட்டாங்கறதை வீட்டுலயே முடிவு பண்ணிட்டு வாங்க."

வீட்டுக்குப் போகும் மேட்டில் டோலினா வழக்கம்போல முன்னால் ஓடினாள், நின்றாள், திரும்பி வந்தாள். ரோனாவுக்குச் சொல்ல வேண்டும், நாளைக்கே போன் போட வேண்டும், புதன்கிழமைப் பயிற்சிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லை, அதற்கு முன்னால் இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது? பக்கத்தில் ஹெக்டர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார். ஏதோ கேட்கப் பார்த்தார், சரி சரி என்றுதான் வந்தது. கைத்தடியால் சாலையைக் குத்தினார்.

உள்ளே போய் சூப்பைச் சூடு பண்ணினாள். தட்டில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார், முகத்தைச் சுளித்தார். "சரி சரி" என்றார். என்ன வேண்டும்? ரொட்டியா? தண்ணியா? சூடு போதாதா? அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

டோலினா எழுந்திருக்கப் போனாள். உட்கார்ந்தாள். விரலால் மேஜையில் மெல்லத் தட்டினாள், முஷ்டியால் ஓங்கிக் குத்தினாள். ஒரு வாரம் அவளை ஊமையாக்கிய அந்த வரியை, காலையில் அவர் எடுத்த அதே மெட்டில், அவளே எடுத்தாள்.

"டோலினாவின் மீன் சூப்பிலே..."

அதோடு நிறுத்தினாள். நிறுத்துவது அவளுக்குச் சுலபமாக இல்லை. நாக்கு நுனியில் அடுத்த வரி துடித்தது, விழுங்கினாள். அவர் சுவரிலிருந்து திரும்பினார். உதடு அசைந்தது, நின்றது. மேஜை விளிம்பில் அவருடைய விரல் வந்து உட்கார்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"உப்பு ரொம்பக் கம்மி" என்று ஹெக்டர் பாடினார்.

நிஜமாகவே கம்மிதான். அவள் எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தாள்.